விசில் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை என்று எழுதினாயே, தம்பி

வாசகர் கடிதம்:

"அண்ணா, எனக்கு 20 வயது. தருமபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அப்பா இரண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறார். வீட்டில் பாதி தமிழ், பாதி கன்னடம். சின்ன வயதிலிருந்து சினிமா என்றால் உயிர். எனக்குப் பிடித்ததெல்லாம் மாஸ் படங்கள், பேய்ப் படங்கள், அப்புறம் அப்பாவோடு டிவியில் பார்த்த பழைய கிராமத்துப் படங்கள். ஓசூரில் ஒரு குறும்படக் குழுவில் சேர்ந்தேன். அங்கே இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். உலக சினிமா தெரியாதவன் இயக்குநர் ஆக முடியாது என்றார்கள். ஒரு ஜப்பான் படம் போட்டுப் பார்த்தேன், இருபதாவது நிமிடம் தூங்கிவிட்டேன். என் ரசனையே மட்டமோ என்று பயமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து உதவி இயக்குநராகச் சேரலாமா? அப்பா போலீஸ் தேர்வு எழுது, டிஎன்பிஎஸ்சி எழுது என்கிறார். சினிமா பேச்சை எடுத்தாலே சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுகிறார். எங்கள் ஊருக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே சில சமயம் தோன்றுகிறது. என்னிடம் இன்னொரு பழக்கம் உண்டு. தியேட்டரில் சுவர் ஓரச் சீட்டில் உட்கார்ந்து, எந்த இடத்தில் ஜனங்கள் செல்போனை எடுக்கிறார்கள் என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நண்பர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். வழி சொல்லுங்கள்."

தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கேட்டிருக்கிற கேள்விகளைவிட, கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த நோட்டுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. நான் படத்தொகுப்பாளன். எடிட்டிங் டேபிளில் உட்கார ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நானும் உன் மாவட்டம்தான், அரூர் பக்கத்துக்காரன் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

கடிதத்தோடு நோட்டின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். அதில் ஒரு வரி: "ஹீரோ என்ட்ரி. விசில். அடுத்த வசனம் கேட்கவில்லை. மறுநாள் மறுபடி போய்ப் பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை." கேட்காத ஒரு வசனத்துக்காக இரண்டாவது தடவை டிக்கெட் எடுத்திருக்கிறாய். இது பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு நாங்கள் மல்லுக்கட்டுவது இதே விஷயத்துக்காகத்தான்.

எப்படி என்று சொல்கிறேன். ஹீரோ வரும் காட்சியை வெட்டும்போது முகத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவோம். முதலில் கார் கதவு, அப்புறம் செருப்பு, கை, முதுகு, எதிரில் நிற்பவன் கண். ஒவ்வொரு துண்டும் ஜனங்களின் பொறுமையைக் கொஞ்சம் இழுக்கும். கடைசியில் முகம் வரும்போது தியேட்டர் எழுந்து நிற்கும். அந்தச் சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகும்? அதற்குள் முக்கியமான வசனத்தை வைத்தால் அது செத்தது. கொஞ்சம் நடக்க விடு, தூசி பறக்கட்டும், வில்லன் எச்சில் விழுங்கட்டும், பிறகு பேச விடு என்று இயக்குநரிடம் வாதாடுவோம். சில சமயம் ஜெயிப்போம். நீ பார்த்த படத்தில் யாரோ தோற்றிருக்கிறார்கள், அல்லது யாருக்கும் அது தோன்றவே இல்லை. மூடிய அறையில் நான்கு பேர் பார்க்கும்போது விசில் கிடையாது, எல்லா வசனமும் கணீரென்று கேட்கும். தியேட்டரில் முந்நூறு பேர் என்ன செய்வார்கள் என்பதை மனதுக்குள்ளேயே கேட்டுப் பார்க்கத் தெரிந்தவர்தான் அந்த இடத்தைச் சரியாக வெட்ட முடியும். உனக்கு அது இப்போதே கேட்கிறது.

இப்போது ரசனைக்கு வருவோம். உன் ரசனை மட்டமில்லை. அந்தக் குழுவில் சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருவன் தனக்குப் பிடித்ததை நேர்மையாகச் சொல்லும்போது சிரித்தால், அடுத்த தடவை அவன் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். பிடிக்காத படத்தைப் பிடித்தது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தனக்கு உண்மையிலேயே என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு நடிகர் ஒரே காட்சியை ஏழு டேக் கொடுத்திருப்பார். எது உண்மை, எது நடிப்பு என்று சொல்ல எனக்கு இருக்கும் ஒரே கருவி, எனக்குள் எது அசைகிறது என்பதுதான். அதைக் கெடுத்துக்கொண்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்கிறது என்பதோடு நீ நின்றுவிடக் கூடாது. "அந்தப் படம் செமையாக இருந்தது" என்பது ரசிகனின் பேச்சு. "அந்த அம்மா கதவைச் சாத்திய பிறகும் இரண்டு விநாடி கதவையே காட்டினார்கள், அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது" என்பது தொழில்காரனின் பேச்சு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கவனம் மட்டும்தான். அப்பாவோடு பார்த்த அந்தப் பழைய கிராமத்துப் படங்களில் ஒன்றை எடு. உனக்கு அழுகை வந்த காட்சியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுப் பார். அப்புறம் திரையைத் திருப்பி வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேள். அழவைத்தது முகமா, இசையா, இல்லை இசை நின்றுபோன இடமா என்று தெரிந்துவிடும். பல தடவை நின்றுபோன இடமாகத்தான் இருக்கும். பேய்ப் படம் இதற்கு இன்னும் நல்ல பள்ளிக்கூடம். பயம் பேயைக் காட்டும்போது வருவதில்லை, அதற்கு முந்தைய காலி வராந்தாவை எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்பதில் வருகிறது.

தூங்கிப்போன ஜப்பான் படம் பற்றி. தூங்கினால் என்ன? எத்தனை மணிக்குப் பார்த்தாய்? ராத்திரி படுத்துக்கொண்டு செல்போனில் பார்த்திருந்தால் தூக்கம் வராமல் என்ன வரும்? அந்த மாதிரிப் படங்களைக் காலையில், உட்கார்ந்து, ஹெட்போன் போட்டுப் பார். முழுசாக வேண்டாம், இருபது நிமிடம் போதும். ஜப்பானிய இயக்குநர் ஓசு, தரையில் பாய்மேல் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி கேமராவைத் தாழ இறக்கி வைப்பார். உன் வீட்டுத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தால் வாசல் எப்படித் தெரியுமோ, கிட்டத்தட்ட அந்த உயரம். அது தெரிந்துவிட்டால் அவர் படத்தில் வீட்டுக்குள் ஆட்கள் எழுவதும் உட்காருவதுமே ஒரு சம்பவமாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்படியும் பிடிக்கவில்லையா, சரி, விட்டுவிடு. நானும் முப்பத்தைந்து வயதுக்கு அப்புறம்தான் சில படங்களுக்குள் போக முடிந்தது. அப்பா போன பிறகுதான் சில காட்சிகள் எனக்குப் புரிந்தன. ரசனை வயதோடு வளரும். பிறர் சிரிப்பார்கள் என்று அவசரப்பட்டு அதை வளர்க்க முடியாது.

உலக சினிமாவைத் திரையில் பார்க்க வேண்டும் என்றால் உனக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். அங்கே சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. 1971ல் தொடங்கிய சுசித்ரா திரைப்படச் சங்கம் அங்கே பனசங்கரியில் இருக்கிறது. உனக்குக் கன்னடம் வேறு தெரியும். கடிதத்தில் 'பாதி தமிழ், பாதி கன்னடம்' என்று கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருந்தாய். கூச்சப்படாதே. இன்றைக்கு ஒரே படத்தை இரண்டு மூன்று மொழிகளில் வெளியிடுகிறார்கள். கன்னட வசனத்தில் வாய் எங்கே மூடுகிறது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று தெரிந்த உதவியாளர் கிடைத்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

ஊருக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாய். தருமபுரியில் பஸ் ஏறினால் சேலம் எவ்வளவு நேரம்? 1930களில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது அங்கேதான். நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்து போய் வந்தவர் அவர். சேலத்தில் உட்கார்ந்தே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, அவர்கள் தயாரித்ததுதான். சம்பந்தம் இல்லாமல் இல்லை.

இனி, படிப்பை விடலாமா என்ற கேள்வி. விடாதே. இதை அப்பாவுக்காகச் சொல்லவில்லை, உனக்காகவே சொல்கிறேன். புனேயில் 1960ல் தொடங்கிய மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியிலும், கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் இருக்கும் கல்லூரியிலும் எடிட்டிங், இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு படிக்க ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பாடம் என்று கேட்க மாட்டார்கள், பட்டம் உண்டா என்றுதான் கேட்பார்கள். அகில இந்திய நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்காணல். இன்னும் ஒன்றரை வருடத்தில் உன் கைக்கு வரப்போகும் சாவியை இப்போது கிணற்றில் போடாதே. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான தமிழ்நாடு அரசுத் திரைப்படக் கல்லூரியும் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு, எடிட்டிங் தனிப் பிரிவாகவே உண்டு. அறிவிப்பு வரும்போது வயது வரம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள். மூன்றில் எதிலும் இடம் கிடைக்காமல் போகலாம், இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டாலும் தொழிலுக்குள் வர வேறு வாசல் இருக்கிறது, நான் அப்படித்தான் வந்தேன்.

இயற்பியல் வீண் என்று நினைக்காதே. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒலியை விநாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிகிறோம். அப்படியென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 2,000. படமும் ஒலியும் ஒரு ஃப்ரேம் விலகினாலே, உதடும் சொல்லும் ஒட்டவில்லை என்று பழகிய கண்ணுக்கு உறுத்தும். கணக்குத் தெரிந்த உதவியாளர் எங்கே பிசகியது என்று தேடிக் கண்டுபிடிப்பான். தெரியாதவன் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

உதவி இயக்குநரா, எடிட்டிங் உதவியாளரா? நீ இயக்குநர் ஆசையில் எழுதியிருக்கிறாய், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்த வேலை நம் வேலை என்று முடிவு செய்ய நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: எந்த வேலையின் சலிப்பு உன்னால் தாங்க முடியும்? உதவி இயக்குநர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஸ்பாட்டுக்குப் போக வேண்டும். நேற்று எடுத்த காட்சியில் சட்டையின் எத்தனை பட்டன் போட்டிருந்தது, தண்ணீர் டம்ளர் எந்தக் கையில் இருந்தது என்று கண்டினியூட்டி பார்க்க வேண்டும், கிளாப் அடிக்க வேண்டும், நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும், கூட்டத்தை விலக்க வேண்டும், வெயிலில் திட்டு வாங்க வேண்டும். நாள் முழுக்க மனிதர்கள், மனிதர்கள். எடிட்டிங் உதவியாளருக்கோ ஹார்டு டிஸ்க்குகள். ஸ்பாட்டிலிருந்து வந்ததைக் காப்பி எடுத்து, இரண்டு இடத்தில் வைத்து, ஒரு ஃபைல்கூட விடுபடவில்லை என்று சரிபார்த்து, கிளாப் விழும் ஃப்ரேமைப் பிடித்துப் படத்தையும் ஒலியையும் சேர்த்து, காட்சி எண், ஷாட் எண், டேக் எண் என்று அடுக்கி வைக்க வேண்டும். படம் முடியும் நேரத்தில் டப்பிங்குக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, சிஜி என்கிற கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்கு ஒன்று, கலர் செய்ய ஒன்று என்று ரீல் ரீலாகப் பிரித்து அனுப்ப வேண்டும். நடுவில் இயக்குநர் ஆறு ஃப்ரேமைக் குறைத்தால் எல்லோருக்கும் போனது எல்லாம் மறுபடி போக வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. மழை பெய்தது என்று டீ கொண்டுவரும் பையன் சொன்னால்தான் தெரியும்.

சுவர் ஓரச் சீட்டில் தனியாக உட்கார்ந்து, திரையையும் ஜனங்களையும் மாறி மாறிப் பார்த்து, நிமிடக் கணக்கோடு எழுதி வைக்கிறவன் எந்தச் சலிப்பைத் தாங்குவான் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. முடிவு உன்னுடையது. எடிட்டிங் அறையிலிருந்து இயக்கத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். படத்தொகுப்பாளர் பி.லெனின் தானே குறும்படம் எடுத்துத் தேசிய விருது வாங்கியவர். கதவு ஒருபக்கம் மட்டும் திறப்பதில்லை.

அப்புறம் பணம். எந்த இயக்குநரிடமும், எந்த எடிட்டரிடமும் உதவியாளராகச் சேர நீ ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கொடு என்று கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. 'நடிக்கவும் வாய்ப்பு, உதவி இயக்குநராகவும் வாய்ப்பு, முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் உன் மாதிரிப் பிள்ளைகளை நம்பித்தான் கடை திறந்திருக்கிறார்கள். நான் ஊரிலிருந்து வந்த புதிதில் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று மாத எடிட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டிய பணம். பதினொரு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர், என் முறை வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால் அதிசயம். கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இன்றுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தக் கம்மலை மீட்க எனக்கு நான்கு வருடம் ஆனது. சங்க உறுப்பினர் அட்டைக்குப் பணம் கட்டுவது வேறு விஷயம். அது முறையானது, பெப்சி என்கிற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்த எடிட்டர்கள் சங்கம் மூலமாக நடப்பது, நீ ஒரு எடிட்டரிடம் வேலை கற்றுக்கொண்ட பிறகு அவரே வழி காட்டுவார்.

சரி, இப்போதே என்ன செய்யலாம்? உன்னிடம் செல்போன் இருக்கிறது. பாலக்கோடு தக்காளி மண்டி இருக்கிறது. விடிவதற்கு முன்னால் அப்பாவோடு போ. ஒரு மணி நேரம் எடு. தக்காளிப் பெட்டியான கிரேட்டை இறக்குகிற கைகள், லாரியின் பின்கதவு, டீக்கடை ஆவி, தராசு, ரசீது எழுதும் பேனா. எல்லாவற்றுக்கும் மேலாக, விலை சொல்லும்போது விவசாயிகளின் முகம். கையை ஆட்டாமல், ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து விநாடி எடு. பெரும்பாலும் புதியவர்கள் நல்ல முகத்தைப் பார்த்ததும் அடுத்த முகத்துக்கு ஓடிவிடுவார்கள், வெட்ட உட்காரும்போது எதுவும் முழுசாக இருக்காது. போன் சும்மா கிடக்கும்போது மண்டியின் பொதுச் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய். பின்னால் வெட்டுகிற இடங்களைத் தைக்க அதுதான் நூல்.

ஒரு தொழில் சங்கதி. செல்போன் கேமரா பெரும்பாலும் ஒரே வேகத்தில் பதியாது, வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகம் கூடிக் குறையும். அதை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் போகப் போக ஒலி நழுவும். ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைக்கிற கேமரா ஆப் பயன்படுத்து, அல்லது எடிட் செய்வதற்கு முன் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்கு ஏராளம். பழைய லேப்டாப் என்றால் அது திணறும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், கொஞ்சம் லேசானவை. சினிமாவில் அவிட், பிரீமியர் என்று வேறு வேறு மென்பொருள் ஓடும். ஒன்றில் கை பழகினால் மற்றது ஒரு மாதத்தில் வந்துவிடும், அதற்காகக் கவலைப்படாதே.

அந்த ஒரு மணி நேரத்தை மூன்று நிமிடமாக வெட்டு. இங்கேதான் விஷயம் இருக்கிறது, மெதுவாகப் படி. விலை சொல்கிற குரல், விவசாயியின் முகம். எதை முதலில் வைப்பாய்? குரலை வைத்துவிட்டு முகத்தைக் காட்டினால், அவர் அந்த விலைக்கு என்ன ஆனார் என்று பார்க்கிறோம். முகத்தை முதலில் காட்டிக் குரலை அதன்மேல் ஓவர்லாப் செய்தால், அவர் காத்திருப்பதில் நாமும் சேர்ந்துகொள்கிறோம், விலை நம் மேலும் விழுகிறது. இரண்டையும் செய்து பார். அப்புறம் முகத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? விலை கேட்டதும் வெட்டினால் அது செய்தி. இன்னும் அரை விநாடி, அதாவது பன்னிரண்டு ஃப்ரேம் விட்டால் அவர் கண் இமைப்பது தெரியும். இன்னும் ஒரு விநாடி விட்டால், துண்டை எடுத்து முகம் துடைப்பார், அல்லது பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை விடுவதா, அதற்கு முன் வெட்டுவதா? நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரே நடிகரின் அசையாத முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான், பசி என்றும் துக்கம் என்றும் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உன் மண்டியிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதே முகத்துக்கு அப்புறம் நிறைந்த கிரேட் வைத்துப் பார், சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளி வைத்துப் பார்.

இதை முடித்ததும் தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ கல்யாண வீடியோ எடுக்கிற நல்ல ஸ்டூடியோ ஒன்றில் சனி ஞாயிறு வேலைக்குப் போ. யாராவது அதைக் கேவலமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே. தாலி கட்டுகிற நேரத்து ஃபைல் தொலைந்தால் மறுபடி எடுக்க முடியாது. அந்தப் பயம் ஒரு தடவை உடம்பில் ஏறிவிட்டால், காப்பி எடுப்பதில் நீ ஆயுசுக்கும் தப்பு செய்ய மாட்டாய். நான் உதவியாளர் எடுக்கும்போது கல்யாண வீடியோவில் அடிபட்டு வந்த பையனைத்தான் முதலில் கூப்பிடுவேன். கையில் நாலு காசும் வரும், அதற்கு உன் வீட்டில் ஒரு மதிப்பு உண்டு.

வீடு என்றதும் அப்பா. தம்பி, உன் கடிதத்தைப் படித்தால் அவருக்குச் சினிமா புரியவில்லை என்று நீ நினைப்பது மாதிரி இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. நாற்று வாங்கி, குச்சி நட்டு, மருந்தடித்து, ஆள் வைத்துப் பறித்து, வண்டி வாடகை கொடுத்து மண்டிக்கு வந்து நின்ற பிறகுதான் தன் உழைப்புக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். ஒரு பருவம் நகை வாங்குவார், அடுத்த பருவம் பறிப்புக் கூலிக்குக்கூடத் தேறாமல் செடியிலேயே விட்டுவிடுவார். நிச்சயம் இல்லாத பிழைப்பு எப்படி இருக்கும் என்று உனக்கும் எனக்கும் அவர் பாடம் எடுக்கலாம். தன் பிள்ளையாவது மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கட்டும் என்று நினைக்கிறார். சாப்பாட்டை விட்டு எழுந்துபோவது கோபம் மாதிரித் தெரியும். அதற்குள் இருப்பது பயம்.

அதனால் அவரிடம் கனவு, லட்சியம் என்று பேசாதே. அவர் நிலத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசு. எத்தனை மாதம், எவ்வளவு செலவு, பொய்த்துப்போனால் எவ்வளவு நஷ்டம், ஊடுபயிர் என்ன. பட்டத்தை முடித்துவிடுகிறேன். அதற்குள் திருமண வீடியோ வேலையில் இவ்வளவு சேர்த்து வைக்கிறேன். திரைப்படக் கல்லூரித் தேர்வு எழுதுகிறேன், கிடைக்காவிட்டால் சென்னையில் இரண்டு வருடம் உதவியாளராக இருக்கிறேன். ஆரம்பத்தில் சம்பளம் சொற்பம், சில மாதம் வராது, பேட்டா மட்டும் வரும், அதை மறைக்காதே. சினிமா இல்லாத நாளில் விளம்பரம், சீரியல், யூடியூப் வேலைகள் இருக்கின்றன. நிறைய எடிட்டர்களின் வீட்டு வாடகை அதில்தான் போகிறது, என் வீட்டு வாடகையும் பல வருடம் அப்படித்தான் போனது. இரண்டு வருடத்தில் வேலை தெரியவில்லை என்றால் நீங்கள் சொல்கிற தேர்வை எழுதுகிறேன் என்று சொல். சொன்னால் அந்தச் சொல்லில் நில். அரசு வேலைக்குப் போனால் சினிமா செத்துவிடும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சத்யஜித் ராய் தன் முதல் படத்தை எடுத்து முடித்தது, விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான்.

வாய்ப்புக் கேட்டு எடிட்டர்களுக்கு எழுதும்போது வாழ்க்கைக் கதை வேண்டாம். ஆறு வரி போதும். என்ன தெரியும், எந்த மென்பொருள், எப்போது வர முடியும், இரண்டு நிமிட வேலைக்கு ஒரு லிங்க். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டு. நாங்கள் திமிரில் பதில் போடாமல் இல்லை. ரிலீசுக்கு முந்தைய மாதம் அம்மாவின் போனையே எடுப்பதில்லை.

நோட்டை நிறுத்தாதே. இனி ஒரு பத்தி கூடுதலாகச் சேர். ஜனங்கள் செல்போனை எடுத்த இடத்தை எழுதுகிறாய், எடுத்த செல்போனை எந்த ஷாட்டில் திரும்பப் பையில் போட்டார்கள் என்பதையும் எழுது. அதுதான் எங்களுக்கு அதிகம் வேண்டிய கணக்கு.

மண்டி வீடியோவை எனக்கு அனுப்பு, மூன்று நிமிடத்தோடு வெட்டாத ஒரு மணி நேரத்தையும் சேர்த்து அனுப்பு. எதை எடுத்தாய் என்பதைவிட எதை விட்டாய் என்று பார்க்க எனக்கு ஆசை. எடுக்கப் போகும் முன் ஒன்று செய். விலை சொல்கிற நேரத்தில் கேமரா உங்கள் முகத்தில்தான் இருக்கப்போகிறது என்று முந்தைய நாள் ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிடு.